கறுப்பு வினிகரும் சோளமாவு ரொட்டியும்

ஷார்ஜா
வியாழன், அஸருக்குப் பின்

அன்புள்ள ருமைஸா லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கச்சி ஹாலிதா எழுதுறேன். நீங்களும் மச்சானும் பிள்ளைகளும் நல்ல சுகத்தோட இருக்க துஆ செய்றேன். இங்கே எங்க மூணு பேருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனசுக்கு எப்படின்னு கேட்டீங்கன்னா, உங்க வாய்ஸ் மெசேஜைக் கேட்ட பொறவு உலை மாதிரி கொதிச்சுக்கிட்டு இருக்கேன். அதை மூடி வச்சு எழுத எனக்குத் தெரியாது.

போன்ல சொல்லாம கடுதாசி எதுக்குன்னு கேப்பீங்க. வாட்ஸ்அப்புல நான் பேசினா அதுல பாதியை மட்டும் பத்து வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. கடுதாசியை முழுசாத்தான் வாசிச்சாகணும். ஜாபர் சாதிக் காக்கா நாளைக்கு லீவுல ஊருக்கு வர்றாங்க. அவங்க கையில இதையும் ஒரு பார்சலையும் குடுத்து விடுறேன். பார்சலைப் பத்தி கீழே எழுதியிருக்கேன். அதுவரைக்கும் பிரிக்காதீங்க, உங்க அவசரம் எனக்குத் தெரியும்.

முதல்ல நீங்க சொன்னதையே திருப்பி எழுதுறேன். சரியான்னு பாத்துக்குங்க. என் புள்ளை ஆமிராவுக்குப் பேசி முடிச்சிருக்கிற மாப்பிள்ளை உஸைரோட உம்மா ஹிஃப்ஸா மாமி, நம்ம ஆமிரா ஸ்டேட்டஸ்ல போட்ட பழைய போட்டோ ஒண்ணைப் பாத்திருக்காங்க. எங்க வீட்டு ஹால்ல பாய் விரிச்சு, பெரிய சஹன் தட்டுல சோறு வச்சு, நானும் ஆமிராவும் ஒரு அமெரிக்காக்காரியும் ஒரு சீனாக்காரியும் சுத்தி உட்கார்ந்து ஒரே சஹன்ல கை போட்டுச் சாப்பிடுறோம். பக்கத்துல கறுப்பா ஒரு பாட்டில் நிக்குது, மேலே சீன எழுத்து. போட்டோவைப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டு அது சாராய பாட்டில்னு முடிவு கட்டிட்டாங்க. பன்றி தின்ற கையை நம்ம சஹன்ல விட்டுட்டாங்க, அதுலயும் அந்தச் சீனாக்காரி இடது கையால அள்ளுறான்னு சொன்னாங்களாம். நான் மன்னிப்பு கேட்டு நாலு வரி எழுதணும், சட்டி பானையெல்லாம் ஏழு தரம் கழுவணும், அந்த ரெண்டு பொம்பளைகளும் கல்யாணத்துக்கு ஊருக்கு வரக்கூடாது. இல்லைன்னா சம்பந்தத்தை யோசிக்கணும்னு சொல்லிட்டாங்க. நீங்களும், நாலு வரிதானே ஹாலிதா, எழுதிப் போட்டுட்டு புள்ளை வாழ்க்கையைப் பாருன்னு சொன்னீங்க.

எழுத மாட்டேன் லாத்தா.

கோவத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க. ரெண்டு நாள் தொழுது, யோசிச்சு, ஆமிரா வாப்பாகிட்ட சண்டையும் போட்டு முடிச்சுட்டுத்தான் எழுதுறேன். அந்தப் போட்டோ எப்போ எடுத்ததுன்னு நீங்களும் கேக்கலை, அவங்களும் கேக்கலை. கேக்காம விட்டதை நானே சொல்லிடுறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இங்கே பேய் மழை பெஞ்சு ரோடெல்லாம் கடலானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிவியில பாத்துட்டு அழுதுக்கிட்டே போன் போட்டீங்க. எங்களுக்கு ஒண்ணுமில்லைன்னு அப்போ சொன்னேன். அது பொய். உங்க பிரஷருக்குப் பயந்து சொன்ன பொய். எங்க பில்டிங் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணி. கரண்டு கிடையாது, லிஃப்டு கிடையாது, மோட்டார் ஓடாததால குழாய்ல சொட்டுத் தண்ணி கிடையாது. ஆமிரா வாப்பா பர் துபாய் கடையிலேயே மாட்டிக்கிட்டாங்க. ஏழாவது மாடியில நானும் புள்ளையும். என் முழங்கால் கதைதான் உங்களுக்குத் தெரியுமே, பாத்ரூம் போய் வர்றதுக்கே சுவரைப் பிடிக்கிற ஆளு.

அதுவரைக்கும் அந்த ரெண்டு பேரும் எனக்கு லிஃப்டுல சிரிக்கிற பழக்கம்தான். எதிர் வீடு டோனா. பள்ளிக்கூடத்துல டீச்சர், அமெரிக்கா, தனி ஆளு. பக்கத்து வீடு யான். துபாய்ல சீனாக்காரங்க மார்க்கெட்டுல புருஷனும் பொஞ்சாதியுமா விளக்குக் கடை வச்சிருக்காங்க. அவ புருஷனும் அன்னைக்குக் கடையில மாட்டிக்கிட்டார். அவங்க ரெண்டு பேர் வீட்லயும் கரண்டு அடுப்பு. எங்க வீட்ல மட்டும் சிலிண்டர். டோனா ஒரு பையில அரிசியும் பீன்ஸும் எடுத்துக்கிட்டு வந்து, உங்க அடுப்புல இதை வேக வச்சுக்கலாமான்னு கேட்டா. பின்னாடியே யான் முட்டை அட்டையோட வந்து நிக்கிறா. உள்ளே வாங்கன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க? வாசல்ல நிக்க வச்சு நீ என்ன ஜாதி, என்ன தின்னேன்னு விசாரிக்கச் சொல்றீங்களா?

பானையைப் பத்திப் பேசினாங்களே ஹிஃப்ஸா மாமி, அதுக்கும் பதில் இருக்கு. டோனா சட்டி பானை எதுவும் இல்லாமத்தான் வந்தா. என் வீட்டுச் சட்டியில பன்றிக்கறி வெந்திருக்கு, அதை உங்க சமையல்கட்டுக்குள்ளே கொண்டுவர மாட்டேன், உங்க சட்டியிலேயே செய்றேன்னு அவளா சொன்னா. நான் வாயைத் திறக்கலை. ஏழு தரம் கழுவணுமாம்ல? கழுவுற அளவுக்கு அங்கே எதுவும் நடக்கலைன்னு சொல்லுங்க.

சஹன் வந்த கதையும் அதேதான். நாலு தட்டு கழுவத் தண்ணி இல்லை. ஒரு சஹன்னா ஒரே ஒரு கழுவல். நான்தான் இறக்கினேன். நம்ம ஊர்ல இப்படித்தான் நாலு பேர் சேர்ந்து சாப்பிடுவோம், பணக்காரன் ஏழைன்னு பாக்க மாட்டோம்னு பெருமையா வேற சொன்னேன். சொன்ன வாயால இப்போ மன்னிப்பு கேக்கணுமா? யான் பொறந்ததுலேருந்து இடது கைக்காரி லாத்தா. வலது கையால ஒரு உருண்டை பிடிக்கப் பாத்து மடியெல்லாம் சோறாக்கிட்டா. ஆமிரா சிரிச்ச சிரிப்புல போட்டோவே ஆடிப்போச்சு. சரி, உன் பக்கத்துச் சோத்தை நீ எப்படி வேணா சாப்பிடும்மான்னு நான்தான் விட்டேன்.

சீனச் சாப்பாடுன்னா நமக்கு என்ன தெரியும்? நம்ம பஸ் ஸ்டாண்டு ஃபாஸ்ட் ஃபுட் கடையில சட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டு, செக்கச் செவேல்னு ஒண்ணு தருவானே, அதுதான். அதைப் பத்தி யான்கிட்ட சொன்னேன், அவளுக்கு அப்படி ஒரு சாப்பாடு இருக்கிறதே தெரியலை. அவங்க வீட்ல தினமும் செய்றது தக்காளி முட்டை. எழுதுறேன், நீங்க செஞ்சு பாருங்க. முட்டையை உப்புப் போட்டு நல்லா அடிச்சு, எண்ணெய் சூடானதும் ஊத்தி, பூப் பூவா வந்ததும் அரைப் பதத்துல எடுத்துடணும். கெட்டியாக விடக்கூடாது. அதே சட்டியில நல்லாப் பழுத்த தக்காளியை வெட்டிப் போட்டு, தோல் சுருண்டு சாறு விடுற வரைக்கும் வதக்கணும். அப்புறம் ஒரு சிட்டிகை சீனி. ஆமா, சீனிதான். எனக்கும் மூஞ்சி அப்படித்தான் போச்சு. பொறவு முட்டையை அதுலேயே போட்டு ஒரு பெரட்டு, மேலே வெங்காயத்தாள். சுடு சோத்துல ஊத்திச் சாப்பிட்டா, அடடா, ஆணம் வைக்க நேரமில்லாத நாளுக்கு இதைவிட என்ன வேணும்! நான் பச்சை மிளகாய் கிள்ளிப் போடப் போனேன். மாஃபி, மாஃபி, வேணாம் வேணாம்னு கையைத் தட்டி விட்டுட்டா. அவ கடையில கத்துக்கிட்ட ஹிந்தியும் அரபும், நான் கடையில கத்துக்கிட்ட ஹிந்தியும் அரபும், அதுலதான் எங்க சண்டையெல்லாம் நடக்கும். கேட்டீங்கன்னா வயிறு வலிக்கச் சிரிப்பீங்க.

அவங்களும் நம்மள மாதிரி கஞ்சிக்காரங்க. உடம்பு சரியில்லைன்னா அரிசியைக் குழையக் குழைய வேக வச்சு, இஞ்சியை நூல் மாதிரி அரிஞ்சு மேலே போட்டுக் குடிப்பாங்க. நான் நோன்புக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தேன். தேங்காய்ப்பாலும் வெந்தயமும் வாசம் வந்ததும் பானைக்குள்ளேயே எட்டிப் பாத்தா. அடுத்த வாரம் அவ அடுப்புல வெந்தய வாசம் வருது! பதிலுக்கு ஒரு கறுப்பு முட்டையைக் கொண்டாந்து நீட்டினா, உள்ளே பச்சையும் கறுப்புமா கண்ணாடி மாதிரி இருக்கு. அதை மட்டும் நான் தொடலை. உன் அன்பு போதும்மா, முட்டையை நீயே வச்சுக்கோன்னுட்டேன்.

டோனா செஞ்சது சோளமாவு ரொட்டி. அவ உம்மா சுடுறதாம். ஓவன்ல வைக்கிறது, ஆனா கரண்டு இல்லையே, என் இரும்புச் சட்டியிலேயே செஞ்சா. மஞ்சள் சோளமாவு ரெண்டு பங்கு, மைதா ஒரு பங்கு, கொஞ்சம் பேக்கிங் பவுடர், உப்பு, ஒரு முட்டை, மோர். மோருக்கு இங்கே கிடைக்கிற லபன் ஊத்தினோம். சட்டியில வெண்ணெய் உருகி வாசம் வந்ததும் மாவை ஊத்தணும், சுர்ருன்னு சத்தம் வரணும். சத்தம் வரலைன்னா ரொட்டி வராதுன்னா. மூடி போட்டு சின்னத் தீயில வச்சு, ஒரு தரம் திருப்பிப் போட்டா போதும். கூட பீன்ஸையும் மாட்டுக் கொத்துக்கறியையும் மிளகாய்த்தூள், சீரகத்தூள் போட்டு வத்த வச்ச ஒரு கறி. அவங்க ஊர்ல அதுல பன்றிக் கொழுப்பு போடுவாங்களாம். இங்கே போடலை. கறியும் நான் வாங்கி வச்சிருந்த கறிதான். அமெரிக்காக்காரிக்குக் காரம் ஆகாதுன்னு நினைச்சேன், என் மிளகாய்த்தூள் டப்பாவையே கவுத்துட்டா. அந்த ரொட்டியை மறுநாள் மீன் ஆணத்துல தொட்டுச் சாப்பிட்டுப் பாத்தேன். லாத்தா, சத்தியமா சொல்றேன், நம்ம இடியாப்பத்துக்குப் போட்டியா ஒண்ணு இருக்குன்னா அதுதான்.

இப்போ பார்சலைப் பிரிக்கலாம். மேலே இருக்கிற பொட்டலம் சோளமாவு. அதுக்குக் கீழே துண்டுல சுத்தி வச்சிருக்கிறது ஹிஃப்ஸா மாமி போட்டோவுல பாத்த பாட்டில்தான். அதே கறுப்பு, அதே சீன எழுத்து. அரிசியில செய்ற வினிகர். நம்ம வீட்டு ஊறுகாயில ஊத்துற வினிகருக்குக் கறுப்புல ஒரு தங்கச்சி, அவ்வளவுதான். சமையலுக்குன்னு ஒரு மது அவங்க ஊர்ல உண்டு. நிறைய பண்டத்துல ஊத்துவாங்களாம். அதை யான் என் வீட்டுப் பக்கமே கொண்டுவந்ததில்லை. இது உங்களுக்கு ஆகாது, இது இல்லாமலே செய்யலாம்னு ஒவ்வொரு பண்டத்துக்கும் அவளே சொல்லிச் சொல்லித்தான் கத்துக் குடுத்தா. பாட்டிலை அப்படியே ஹிஃப்ஸா மாமி முன்னாடி வையுங்க. மூடியைத் திறந்து மோந்து பாக்கச் சொல்லுங்க. அவங்க பேரப்பிள்ளைகள் வாரம் தவறாம ஃப்ரைட் ரைஸ் பார்சல் வாங்கித் தின்னுதுகளே, அதுல ஊத்துற கறுப்புத் தண்ணி எங்கே இருந்து வருதுன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. நீங்க கேக்க மாட்டீங்க. பரவாயில்லை, கல்யாணத்துல நானே கேட்டுக்கிறேன்.

ஆமிரா வாப்பாவுக்கும் எனக்கும் ஏன் சண்டைன்னு சொல்லலையே. அவங்க ஒரு யோசனை சொன்னாங்க. சீனாவுல எத்தனையோ முஸ்லிம்கள் இருக்காங்க, யானும் நம்ம ஆளுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு, மரியம்னு ஒரு பேரையும் வச்சுடு, டோனாவுக்கு லீவு கிடைக்கலைன்னு சொல்லிடு, எல்லாம் கலாஸ், முடிஞ்சதுன்னாங்க. ஊர்ல யார் வந்து விசாரிக்கப் போறாங்கன்னும் கேட்டாங்க. நல்ல மனுஷர்தான் லாத்தா, புள்ளை மேல உள்ள பாசத்துல சொன்னார். ஆனா நீங்களே சொல்லுங்க, என் வீட்ல உட்கார்ந்து சாப்பிட்டவளோட பேரையும் மார்க்கத்தையும் மாத்திச் சொல்லி நான் சம்பந்தம் செய்யணுமா? அவ யானாவே இருக்கட்டும். அவ தொழ மாட்டா, பன்றி சாப்பிடுவா, என் வீட்டுக்கு வந்தா என் வீட்டு முறைப்படி நடப்பா. இதுக்கு மேல ஒரு விருந்தாளிகிட்ட என்ன எதிர்பாக்குறது? ஒரு நாள் முழுக்க எங்க வீட்ல பேச்சுவார்த்தை இல்லை. இப்போதான் டீ குடிக்கிறீங்களான்னு கேக்குற அளவுக்கு வந்திருக்கோம்.

இனிமே எழுதப் போறதை உட்கார்ந்துக்கிட்டு வாசிங்க.

மழைக்கு மறுநாள் ஆமிராவுக்கு வீசிங் வந்துடுச்சு. ஈரமும் பூஞ்சையும் ஜெனரேட்டர் புகையும் சேர்ந்து, புள்ளைக்கு மூச்சு இழுத்துக்கிச்சு. இன்ஹேலர்ல மருந்து தீர்ந்து போச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வழியெல்லாம் தண்ணி. உதடு நீலம் பாயுது, நான் யா அல்லாஹ் யா அல்லாஹ்னு கத்துறேனே தவிர வேற எதுவும் ஓடலை. டோனா படியில இறங்கிப் போனா. தொடை வரைக்கும் அழுக்குத் தண்ணியில நடந்து, ஒரு மருந்துக்கடை மூடியிருந்து, அடுத்த கடையைத் தேடிப் போய் வாங்கிட்டு வந்தா. அவ வர்ற வரைக்கும் யான் என் புள்ளையை மடியில நிமித்தி வச்சு, முதுகைத் தடவி, அவ பாஷையில என்னவோ சொல்லிக்கிட்டே மூச்சு விட வச்சா. அதுக்குப் பொறவு எத்தனை தடவை யான் குடிதண்ணி கேனைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஏழு மாடி ஏறினான்னு நான் எண்ணலை. அந்தப் போட்டோ, ஆமிரா எழுந்து உட்கார்ந்து வாய் நிறையச் சோறு தின்ன முதல் நாள் எடுத்தது. அந்த ரெண்டு பேரும் அவ கல்யாணத்துக்கு வரக்கூடாதாம்!

ஆமிராவுக்கு வீசிங் இருக்கிறதை ஹிஃப்ஸா மாமி வீட்ல நாம சொல்லலை. அதைப் போய் ஏன் சொல்லணும், இப்போ யாருக்குத்தான் இல்லைன்னு நீங்க சொன்னீங்க, நானும் சரின்னேன். இப்போ அந்த ரெண்டு பேரைப் பத்தியும் உண்மையைச் சொல்லணும்னா அதையும் சொல்லியாகணும். அதனாலதான் ரெண்டு நாள் யோசிச்சேன். ஆமிராகிட்ட கேட்டேன். இங்கிலீஷ்ல பொரிஞ்சு தள்ளிட்டா. எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான்: சொல்லுங்க உம்மா, நான் உஸைர்கிட்ட எப்போவோ சொல்லிட்டேன். சொன்னதுக்கு அவர் என்ன சொன்னார்னு கேட்டேன். அவர் வேலை பாக்குற தோஹாவுல நல்ல டாக்டர் இருக்காங்கன்னு சொன்னாராம். பையன் தங்கம்தான். ஆனா இந்தப் பேச்சு கிளம்பினதிலேருந்து அவர்கிட்டேயிருந்து போன் வரலை. உம்மா பேச்சைத் தட்டாத புள்ளைன்னு நாமதானே பெருமையாப் பேசி முடிச்சோம்.

அதனால லாத்தா, எனக்காக நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். இந்தக் கடுதாசியை எடுத்துக்கிட்டு ஹிஃப்ஸா மாமி வீட்டுக்குப் போங்க. ஒரு எழுத்து விடாம வாசிச்சுக் காட்டுங்க. வீசிங் வர்ற இடத்துல குரலைத் தாழ்த்தாதீங்க, தக்காளி முட்டையையும் தாண்டாதீங்க. நம்ம ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைதானே பொண்ணு வீட்டுக்கு வர்றது, அவங்க வீட்டுப் புள்ளை நம்ம வீட்டுக்கு வாழ வரப்போற புள்ளை. அந்த வீட்ல யார் வருவாங்க, யார் உட்கார்ந்து சாப்பிடுவாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிறது அவங்களுக்கும் நல்லதுதானே. டோனாவும் யானும் கல்யாணத்துக்கு வருவாங்க. பொம்பளைங்க பக்கத்துல, என் கூடவே உட்காருவாங்க. இதுல மாத்தம் இல்லை.

பதில் நல்லதா வந்தா நீங்களே ஆமிராவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. சத்தம் போட்டுச் சொல்லுங்க, தெருவுக்கே கேக்கட்டும். வேற மாதிரி வந்தா அவளுக்கு யாரும் போன் போட வேணாம், ஹிஃப்ஸா மாமியையும் போட வேணாம்னு சொல்லுங்க. எனக்கு மட்டும் ஒரு மிஸ்டு கால் குடுங்க, புரிஞ்சுக்குவேன். இதை எழுதும்போது அவ எதிர்ல உட்கார்ந்து போன்ல மருதாணி டிசைன் பாத்துக்கிட்டு இருக்கா. இது நல்லாருக்கா உம்மா, இது நல்லாருக்கான்னு காட்டிக்கிட்டே இருக்கா. எல்லாமே நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்படி வந்தா அவகிட்ட எதைச் சொல்லணுமோ அதை நான் சொல்லிக்கிறேன். எனக்கு நாக்கு எழணும்னு மட்டும் நீங்க துஆ செய்யுங்க.

அல்லாஹ் நம்ம புள்ளைகளுக்கு நல்லதையே நாடட்டும். ஆமீன்.

உங்கள் பிரியமுள்ள தங்கச்சி,
ஹாலிதா